மாறி நின்ற மேற்கு

அத்தியாயம் 7

பேராசிரியை நாகலெட்சுமி தன் பரீட்சை அட்டையை வாளித் தண்ணீரில் சாய்வாக இறக்கிப் பிடித்தார். பாதி அட்டை தண்ணீருக்குள் இருந்தது, பாதி வெளியே.

"தண்ணி அட்டையில ஒரு கோடு போடுதுல்ல? அதுக்குப் பேரு ஸ்ட்ரைக்," என்றார்.

"எங்க ஊர்ல ஸ்ட்ரைக்குன்னா பஸ் ஓடாது மேடம்," என்றாள் லாமியா.

நாகலெட்சுமி சிரிக்கவில்லை. ஒவ்வொரு ஜூன் மாதமும் புதிதாகச் சேரும் பிள்ளைகளில் எவனாவது ஒருவன் இதைச் சொல்லிவிடுவான். இருபது வருஷமாகக் கேட்டு அவருக்குக் காது மரத்துப்போயிருந்தது. அட்டையின் மேல்பக்கம் ஒரு சொட்டுத் தண்ணீர் விட்டார். அது நேராகக் கீழே ஓடி வாளியில் கலந்தது. சொட்டு ஓடுகிற பக்கம் டிப், அதாவது சரிவு. இந்த இரண்டும் தெரிந்தால் ஒரு பாறை அடுக்கு எப்படி நீண்டு எந்தப் பக்கம் சாய்கிறது என்று சொல்லிவிடலாம், கட்டமைப்பு நிலவியலில் முதல் பாடமே இதுதான் என்றார்.

அமுதவள்ளி தலையசைத்தாள். புரிந்தது. புரிந்ததில் அவளுக்கு ஒன்றும் ஆகவில்லை. கணவன் குருநாதன் போய் எட்டு மாதம். அன்றிலிருந்து அவளுக்கு எதுவும் உறைப்பதில்லை, இனிப்பதில்லை. ராமநாதபுரத்தில் ஜெராக்ஸ் கடைக்கு மேலே இருந்த துப்பறியும் அலுவலகத்தைத் தினமும் திறந்தாள், வந்த வழக்கை எடுத்தாள், முடித்தாள், பூட்டினாள். முந்தாநாள் பாம்பனில் ஒரு வீட்டில் கொடுத்த டீயை முழுக்கக் குடித்துவிட்டு வந்தாள். அதில் சீனியே இல்லை என்று காரில் ஏறிய பிறகு லாமியா சொல்லித்தான் தெரியும். லாமியா கீழக்கரைக்காரி, இரண்டு வருஷமாக உதவியாளர், வாய்க்குப் பூட்டு கிடையாது. அவள் பேச்செல்லாம் இப்போது அமுதவள்ளிக்குப் பக்கத்து வீட்டு ரேடியோ மாதிரிதான் கேட்டது.

டீ கொடுத்த வீடுதான் வழக்கு நடக்கும் வீடு. அந்த வீட்டுப் பிள்ளை அஃப்ரித், இருபது வயசு, இந்தக் கல்லூரியில் நிலவியல் படித்தான். நாலு மாதத்துக்கு முன்னால், பிப்ரவரியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை, வகுப்போடு பாம்பனுக்குத் தெற்கே கடற்கரைப் பாறைகளை அளக்கப் போனான். மதியம் ஆளைக் காணோம். சாயங்காலம் வள்ளத்துக்காரர்கள் உடலைக் கொண்டுவந்தார்கள். செருப்பும் குறிப்பேடும் பாறைமேல் இருந்தன. சாப்பாட்டு நேரத்தில் சொல்லாமல் கொள்ளாமல் குளிக்கப் போனான் என்று கல்லூரி எழுதிக் கொடுத்தது.

அப்பா காதர் மைதீன் சவுதியில், தம்மாமில் வேலை பார்க்கிறார். அவர் இதை நம்பவில்லை. முந்தாநாள் போனில் அமுதவள்ளியிடம் அவர் கேட்டது ஒரே ஒரு கேள்வி.

"பாறைய அளக்குறதுக்கு ரெண்டு பேரு வேணும்மா. ஒருத்தன் பாத்துச் சொல்லுவான், ஒருத்தன் எழுதுவான். எம் மவன்தான் இத எனக்குச் சொன்னான். கடைசிப் பக்கத்துல இருக்குறது அவன் எழுத்து. அப்ப பாத்துச் சொன்னது யாரு?"

யாராக இருந்தாலும் அவனை மன்னிக்க மாட்டேன், பிள்ளை சாகிறதைப் பார்த்துவிட்டு வாயைத் திறக்காமல் இருக்கிறவன் மனுஷனே இல்லை என்றும் சொன்னார். அஃப்ரித்துக்கு ஜோடியாக அளக்கப் போகிறவன் கமுதிக்காரன் காளிராஜ். வாரா வாரம் காதர் மைதீன் அவனுக்குப் போன் போட்டுக் கேட்ட கேள்வியையே கேட்டதில், அந்தப் பையன் படிப்பை விட்டுவிட்டு ஊரில் மிளகாய்க் காட்டில் களை எடுத்துக்கொண்டிருந்தான்.

"காளிராஜ் இல்ல," என்றார் நாகலெட்சுமி. கைப்பேசியில் ஒரு படத்தைக் காட்டினார். மண்டபம் ஊரில் புளியோதரைப் பொட்டலங்களோடு பிள்ளைகள் வரிசையாக நின்றார்கள். காளிராஜ் பொட்டலத்தைக் கோப்பை மாதிரி தூக்கிப் பிடித்திருந்தான். நேரம் பன்னிரண்டு நாற்பத்தொன்று. குறிப்பேட்டில் கடைசி அளவுக்கு அஃப்ரித் எழுதிய நேரம் பன்னிரண்டு நாற்பது. படத்தில் இருபத்துமூன்று பேர், ஓரத்தில் நாகலெட்சுமி. அஃப்ரித் மட்டும் இல்லை. எனக்குப் பொட்டலம் வேண்டாம் மேடம் என்று சொல்லிவிட்டுப் போனானாம்.

அமுதவள்ளி முந்தாநாள் அந்த வீட்டிலிருந்து வாங்கி வந்த குறிப்பேட்டின் கடைசிப் பக்கத்தை விரித்து வைத்தாள். கோடு வடக்கிலிருந்து மேற்காக நாற்பது டிகிரி, சரிவு ஆறு டிகிரி தென்மேற்கு என்று இருந்தது. பக்கத்தில் ஒரு பென்சில் புள்ளி.

அது தப்பு என்றார் நாகலெட்சுமி. அந்தப் பாறை வடக்கிலிருந்து கிழக்காக நாற்பது, சரிவது தென்கிழக்கே கடலைப் பார்த்து. எழுதியிருப்பது அதைக் கண்ணாடியில் பார்த்த மாதிரி. அலமாரியிலிருந்து ஒரு காம்பஸ் பெட்டியை, பாறை அளக்கிற திசைகாட்டியை, எடுத்துத் திறந்தார். அதில் கிழக்குக்கான எழுத்து இடப்பக்கமும் மேற்குக்கான எழுத்து வலப்பக்கமும் இருந்தன.

"அச்சடிச்சவனுக்குத் தூக்கக் கலக்கமா?" என்றாள் லாமியா.

"வேணும்னுதான் அப்படி. பெட்டியக் கிழக்க திருப்புங்க, முள்ளு வடக்கையே பாத்து நிக்கும். அப்ப அது பெட்டியில இடப்பக்கமா ஒதுங்கும். அதனால இடப்பக்கம் கிழக்குன்னு போட்டிருக்கு. முள்ளு நிக்கிற எழுத்த அப்படியே படிச்சாப் போதும். புதுசா வர்ற பிள்ளைக தப்பா அடிச்சிருக்குன்னு நெனச்சு, தானே திருத்திச் சொல்லிரும்."

"அஃப்ரித்தும் அப்படிச் சொல்லுவானா?"

நாகலெட்சுமி பெட்டியை மூடினார். முதல் நாளே புரிந்துகொண்டது அவன் ஒருவன்தான், மற்றவர்களுக்கு அவன்தான் சொல்லிக் கொடுத்தான், முதல் வாரத்துக்குப் பிறகு அந்த வகுப்பில் ஒருத்தரும் இந்தத் தப்பைச் செய்யவில்லை என்றார். கடைசி அளவு தப்பாக இருந்ததால்தான் பையனுக்குக் கவனம் வேலையில் இல்லை, குளிக்கிறதில் இருந்தது என்று கல்லூரி முடிவு கட்டியது. அந்தக் காகிதத்தில் தானும் கையெழுத்துப் போட்டதாகச் சொன்னார். சொல்லும்போது வாளியைத்தான் பார்த்தார்.

"குளிக்கப் போறவன் சட்டையக் கழட்டாம செருப்ப மட்டும் கழட்டுவானா மேடம்?" என்றாள் லாமியா. இந்தத் தடவை அது ஜோக் இல்லை.

"இந்தப் புள்ளி?" என்று கேட்டாள் அமுதவள்ளி.

அது நாகலெட்சுமி போட்ட சட்டம். எழுதுகிறவன் காதில் விழுந்ததை அப்படியே எழுத வேண்டும். தப்பென்று தெரிந்தாலும் அங்கேயே திருத்தக் கூடாது. பக்கத்தில் புள்ளி வைத்துவிட்டு, சாயங்காலம் அளந்தவனோடு உட்கார்ந்து பேசிச் சரிசெய்ய வேண்டும். அமுதவள்ளி பக்கங்களைப் புரட்டினாள். பதினொரு இடத்தில் புள்ளி இருந்தது. ஒவ்வொன்றுக்கும் கீழே பச்சை மையில் சாயங்காலத்து விளக்கம். பன்னிரண்டாவது புள்ளிக்குக் கீழே மட்டும் வெறும் தாள்.

காம்பஸை இரவல் வாங்கிக்கொண்டு கிளம்பினார்கள்.

பாம்பன் பாலத்தில் காற்று காரை ஓரம் தள்ளியது. லாமியா வழியெல்லாம் புளியோதரையைப் பற்றிப் பேசிக்கொண்டு வந்தாள். இருபது வயசில் காலையிலிருந்து வெயிலில் நின்றவன் சோற்றுப் பொட்டலத்தை வேண்டாம் என்று சொன்னால், ஒன்று வயிறு சரியில்லை, இல்லாவிட்டால் அதைவிட நல்ல சாப்பாடு எங்கோ காத்திருக்கிறது என்பது அவள் கட்சி. வேறொரு நாளாக இருந்தால் அமுதவள்ளி இந்த இடத்தில் வண்டியை நிறுத்தியிருப்பாள். இன்று அது காதில் விழுந்து அப்படியே கிடந்தது.

கருவாடு காயப்போட்டிருந்த மணலைத் தாண்டிப் பாறைக்கு வந்தார்கள். பாறை என்றதும் பெரிதாக நினைக்க வேண்டாம். மணலும் சிப்பியும் இறுகிப்போன பலகைகள், ஒன்றன்மேல் ஒன்றாகக் கடலுக்குள் இறங்கின. மலையே இல்லாத மாவட்டத்தில் நாகலெட்சுமிக்குக் கிடைத்த வகுப்பறை இதுதான். சரிவு கண்ணுக்கே தெரியவில்லை. அமுதவள்ளி பாட்டில் தண்ணீரைக் கொஞ்சம் ஊற்றினாள். அது தயங்கித் தயங்கிக் கடல் பக்கமாக ஓடியது. கடைசிப் பலகையில் பச்சையாகப் பாசி படிந்திருந்தது. அலை விளிம்பு அந்தப் பலகைமேல் நேர்கோடாக நின்றது. வாளியில் பார்த்த அதே கோடு.

"நீ பாத்துச் சொல்லு. நான் எழுதுறேன்," என்றாள் அமுதவள்ளி.

லாமியா காம்பஸை அந்தக் கோட்டோடு சேர்த்துப் பிடித்தாள். முள் ஆடி நின்றது. அவள் குனிந்து பார்த்தாள், நிமிர்ந்து கடலைப் பார்த்தாள், திரும்பவும் குனிந்தாள்.

"வடக்குலேர்ந்து மேக்கால நாப்பதுக்கா."

அமுதவள்ளி எழுதிய கை நின்றது. குறிப்பேட்டில் இருந்த அதே அளவு.

"முள்ளு எந்த எழுத்துக்கிட்ட நிக்குது?"

"கிழக்குக்கிட்டதான். அது மாத்தில்ல அடிச்சிருக்கு? மேக்கு நமக்கு இடப்பக்கம் இருக்கு, பெட்டியில வலப்பக்கம் போட்டிருக்கான்." சொல்லிக்கொண்டே வந்த லாமியா பாதியில் நிறுத்தினாள். பேராசிரியை அவ்வளவு விளக்கிய பிறகும் தானே அந்தத் தப்பைச் செய்துவிட்டது அவளுக்கு உறைத்தது. கொஞ்சம் வெட்கத்தோடு சிரித்தாள். "வகுப்புல கேக்கும்போது சரின்னுதான் இருந்துச்சு. இங்கன வந்து நின்னா வாய் தானா மாத்திச் சொல்லுது. சின்னப் பிள்ளையிலேர்ந்து அஞ்சு வேளையும் மேக்கப் பாத்துத் தொழுவுற ஆளுக்கா நான். மேக்கு எங்கிட்டுன்னு எனக்கு ஒரு டப்பா சொல்லணுமா?"

அமுதவள்ளி குறிப்பேட்டை மூடினாள். அந்த வகுப்பில் உட்காராத ஒரு ஆள். பெட்டியைவிடத் தன் மேற்கை நம்புகிற ஆள். கல்லூரிப் பொருளை அஃப்ரித் பயமில்லாமல் கையில் கொடுக்கிற ஆள். செருப்பைக் கழற்றிவிட்டு உட்கார்ந்து அவன் சாப்பிட, பொட்டலத்தைவிட நல்ல சோறு கொண்டுவந்த ஆள். பனைகளுக்கு அந்தப் பக்கம் பச்சைச் சுண்ணாம்பு அடித்த ஒரு வீட்டின் மொட்டைமாடி தெரிந்தது. முந்தாநாள் சீனியில்லாத டீ குடித்த வீடு.

லாமியாவும் அந்தப் பக்கம் பார்த்தாள். காம்பஸை மூடிக்கொண்டு முன்னால் நடந்தாள்.

அஃப்ரித்தின் அம்மா ஜுனைதா கதவைத் திறந்தாள், உட்காரச் சொன்னாள், கேட்காமலே டீ கொண்டுவந்து வைத்தாள். நாற்பத்தைந்து வயசு இருக்கும். முகத்தில் துக்கம்கூடத் தெரியவில்லை. அந்த முகத்தை அமுதவள்ளிக்கு நன்றாகத் தெரியும், எட்டு மாதமாகத் தன் வீட்டுக் கண்ணாடியில் பார்க்கிற முகம். மேஜைமேல் கைப்பேசி கிடந்தது. மூன்று மணிக்குத் தம்மாமில் சாப்பாட்டு நேரம், அப்போது காதர் மைதீன் கூப்பிடுவார். மணி மூன்றாகப் பத்து நிமிஷம் இருந்தது.

அமுதவள்ளி காம்பஸைத் திறந்து மேஜைமேல் வைத்தாள். ஜுனைதா அதைப் பார்த்தாள். பார்த்துக்கொண்டே நின்றாள்.

"இதுல மேக்கு எங்கிட்டு இருக்கு ஜுனைதாம்மா?"

"தப்பா அடிச்சிருக்கான்," என்றாள் ஜுனைதா. பிறகு, "அவன்கிட்டயும் அதான் சொன்னேன்," என்றாள்.

அதன்பிறகு கேட்கவே வேண்டியிருக்கவில்லை. கணக்குப் போட்டுச் சொல்கிற மாதிரி ஒரே குரலில் அவளே சொன்னாள். எட்டாம் வகுப்போடு அவளைப் பள்ளிக்கூடத்திலிருந்து நிறுத்திவிட்டார்கள். அஃப்ரித் லீவில் வரும்போதெல்லாம் படித்ததைச் சொல்லுவான், அவள் மீன் அரிந்துகொண்டே கேட்பாள். அன்றைக்கு வீட்டுக்குப் பக்கத்திலேயே வேலை என்றதும் நெய்ச்சோறும் மீன் ஆணமும் தூக்குச்சட்டியில் எடுத்துக்கொண்டு போனாள். செருப்பைக் கழற்றிவிட்டு உட்கார்ந்து சாப்பிட்டான். கையைக் கழுவிவிட்டு, உம்மா, ஒரு தடவை நீ பாத்துச் சொல்லு, நான் எழுதுறேன் என்றான். மேடத்திடம் காட்டி இது எங்க உம்மா அளந்தது என்று சொல்லப் போவதாகச் சொன்னான்.

"நான் சொன்னேன். அவன் எழுதுனான். ஒண்ணுமே பேசல. எப்பவும் வளவளன்னு பேசுற பிள்ளை. தப்பாடான்னு கேட்டேன். அதுக்கும் பேசல. எனக்குச் சுருக்குனு வந்துருச்சு. உங்க மேடம் பெட்டி பொய் சொல்லுது, மேக்கு எனக்குத் தெரியாதான்னு சொல்லி அவன் கையில வெடுக்குனு குடுத்தேன். அவன் நோட்ட மூடிக்கிட்டு இருந்தான். பெட்டி நழுவிக் கடல் பக்கமாப் போச்சு. அத எடுக்கக் கோவத்துல விறுவிறுன்னு எறங்குனான். பாசியில காலு வச்சான். தலை பாறையில பட்டுச்சு. கடலுக்குள்ள போயிட்டான். அவ்வளவுதான்."

கத்தினாளா என்று லாமியா மெதுவாகக் கேட்டாள்.

"வாயத் தொறந்தேன். சத்தம் வரல. எவ்வளவு நேரம் நின்னேன்னு தெரியல. தூக்குச்சட்டியக் கழுவிக் கவுத்துனது ஞாபகம் இருக்கு. வீட்டுக்கு எப்படி வந்தேன்னு ஞாபகம் இல்ல."

சாயங்காலம் ஆட்கள் வந்து சொன்னபோது அவளுக்கு அது தெரிந்த செய்திதான். யாரும் அவளை எதுவும் கேட்கவில்லை. நாலு மாதமாகக் கணவர் தினமும் மூன்று மணிக்கு, பாத்துச் சொன்னது யாரு என்று அவளிடமே கேட்டுப் புலம்புகிறார். காளிராஜ் படிப்பை விட்டதும் அவளுக்குத் தெரியும். வாய் வரவில்லை. கோபத்தோடு போன பிள்ளை, நான்தான் கோபப்படுத்தி அனுப்பினேன் என்று அதே குரலில் சொல்லி நிறுத்தினாள்.

அமுதவள்ளி குறிப்பேட்டை அவள் பக்கம் நகர்த்தினாள். கல்லூரி திருப்பிக் கொடுத்த நாளிலிருந்து ஜுனைதா அதைத் திறந்து பார்த்ததில்லை. முதல் புள்ளியையும் அதன் கீழே இருந்த பச்சை மையையும் அமுதவள்ளி விரல் வைத்துக் காட்டினாள். பிறகு இரண்டாவது, மூன்றாவது. தப்பென்று தெரிந்தாலும் அளக்கிற இடத்தில் சொல்லக் கூடாது, புள்ளி வைத்துவிட்டுச் சாயங்காலம் சொல்ல வேண்டும் என்ற சட்டத்தைச் சொன்னாள். கடைசிப் பக்கத்துக்கு வந்தாள்.

"கோவப்பட்டவனா இருந்தா அடிச்சிட்டுச் சரியா எழுதியிருப்பான். அவனுக்குச் சரியான அளவு தெரியும். நீங்க சொன்னத அப்படியே எழுதியிருக்கான். உங்கள ஒரு மாணவியா வச்சு எழுதியிருக்கான். பேசாம இருந்தது அதுக்குத்தான். சாயங்காலம் வீட்டுக்கு வந்து சொல்லிக் குடுத்திருப்பான்."

ஜுனைதா அந்தப் புள்ளியைத் தொட்டுப் பார்த்தாள். கைப்பேசி அடித்தது. யாரும் எடுக்கவில்லை. அடித்து ஓய்ந்தது.

"என்ன சொல்லிக் குடுத்திருப்பான்?" என்று கேட்டாள்.

அமுதவள்ளி காம்பஸை அவள் உள்ளங்கையில் வைத்து, கையோடு சேர்த்துக் கிழக்கே திருப்பினாள். பெட்டி திரும்பியது. முள் திரும்பவில்லை, இடப்பக்கம் ஒதுங்கி, கிழக்கு என்ற எழுத்தில் நின்றது. ஜுனைதா தானே ஒரு தடவை திருப்பிப் பார்த்தாள். பிறகு மேற்கே, தான் தொழுகிற சுவரைப் பார்த்துத் திரும்பினாள். முள் மேற்கு என்ற எழுத்துக்குப் போய் நின்றது.

"பெட்டி பொய் சொல்லல," என்றாள்.

கைப்பேசி மறுபடியும் அடித்தது. தன் வாயிலிருந்து எதுவும் வெளியே போகாது, சொல்வதும் சொல்லாததும் உங்கள் விருப்பம் என்றாள் அமுதவள்ளி. ஜுனைதா காம்பஸைக் கீழே வைக்காமல் மற்றக் கையால் போனை எடுத்தாள். பழக்கத்தில் ஸ்பீக்கரையும் அழுத்தினாள். மறுமுனையில் காதர் மைதீன் வழக்கம்போலத் துப்பு ஏதாவது கிடைத்ததா, அந்தப் பையன் வாயைத் திறந்தானா என்று ஆரம்பித்தார்.

"என்னங்க," என்றாள் ஜுனைதா. "பாத்துச் சொன்னது நாந்தாங்க. தப்பாச் சொல்லிட்டேன்."

மறுமுனையில் சத்தம் நின்றுபோனது. பின்னால் யாரோ தட்டுகளை அடுக்கும் ஓசை மட்டும் வந்தது. லாமியா தரையைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். ரொம்ப நேரம் கழித்து அந்தக் குரல் வந்தது. முந்தாநாள் போனில் கேட்ட குரல் மாதிரியே இல்லை.

"சாப்ட்டானா?"

"சாப்ட்டாங்க. ரெண்டாவது தடவ கேட்டு வாங்கிச் சாப்ட்டான்," என்றாள் ஜுனைதா. அப்போதுதான் அவளுக்கு அழுகை வந்தது. அது முதலில் மூச்சாக வந்து, பிறகு சத்தமாக வந்தது. போன் கையிலேயே இருந்தது. அந்தப் பக்கமும் அவர் வைக்கவில்லை.

அமுதவள்ளி எங்கே பார்ப்பது என்று தெரியாமல் ஆறிப்போன டீயை எடுத்து ஒரு வாய் குடித்தாள். ஜுனைதா இன்றைக்கும் சீனி போட மறந்திருந்தாள். யாரும் சொல்லாமலே அது அவளுக்குத் தெரிந்தது.